தோளில் தூக்கும் மிதிவண்டி



மிதிவண்டியின் மேல் மனிதர் ஏறிச் செல்வதுதான் உலக வழக்கம். மனிதரின் மேல் மிதிவண்டி ஏறிச் செல்வதைக் கண்டதுண்டா? சுபாங் ஜெயாவில் காலை ஏழு மணி வாக்கில் ஒரு பெண் மிதிவண்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடை மேம்பாலத்தின் படிகளில் ஏறுவதைப் பார்த்தால் தயவுசெய்து ஹாரன் அடிக்காதீர்கள். அது நான்தான். படிகள் முப்பத்தெட்டு. வண்டியின் எடை பத்தரைக் கிலோ. மேம்பாலத்தைத் தாண்டி இறங்கினால் கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் சைக்கிள் பாதை. அங்கிருந்து பெட்டாலிங் ஜெயாவைக் கடந்து நம் வளாகம் வரை ஏறக்குறைய பதினைந்து கிலோமீட்டர்.

"எல்.ஆர்.டி. இருக்கும்போது ஏன் இந்த வேலை?" என்று கேட்காத தோழியர் இல்லை. நியாயமான கேள்விதான். 2016 ஜூன் 30ஆம் நாள் முதல் கிளானா ஜெயா தடம் எங்கள் ஊர் வழியாகப் புத்ரா ஹைட்ஸ் வரை ஓடுகிறது. ஆனால் வீட்டிலிருந்து நிலையத்திற்கு ஒரு நடை, நிலையத்திலிருந்து விரிவுரை மண்டபத்திற்கு ஒரு காத்திருப்பு என்று கூட்டிப் பார்த்தால் எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. மிதிவண்டியில் ஐம்பது, ஐம்பத்தைந்து நிமிடம். மழை பெய்தால் நானும் எல்.ஆர்.டி.யில்தான் வருவேன், வீரம் காட்டுவது என் நோக்கமன்று. இக்கட்டுரையின் நோக்கம், வார நாளில் தார்ச்சாலையும் வார இறுதியில் செம்மண் பாதையும் ஓட்ட விரும்பும் ஒரு மாணவர் எந்த மிதிவண்டியை எப்படித் தேர்ந்தெடுத்து, எப்படிப் பொருத்திக்கொள்வது என்பதைச் சொல்வதே. நான் ஒருமுறை தவறாக வாங்கி எண்ணூறு வெள்ளி இழந்தேன். உங்களுக்கு அந்த இழப்பு வேண்டாம்.

சைக்கிளோகிராஸ் என்பது என்ன?

ஐரோப்பாவில் குளிர்காலத்தில் சாலைப் பந்தயங்கள் ஓய்ந்துவிடும். அந்த நாள்களில் உடலைச் சூடாக வைத்திருக்க, சாலை வீரர்கள் வயல், வேலி, சேறு என்று குறுக்கே புகுந்து ஓட்டத் தொடங்கினார்கள். பிரான்சில் 1902இல் இதற்கெனத் தேசியப் போட்டியே நடந்தது. 1950இல் பாரிஸில் நடந்த முதல் உலகப் போட்டியில் வென்றவர் ஜான் ரோபிக். 1947இல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தையும் வென்றவர் அவர். மூன்று கிலோமீட்டர் அளவிலான சுற்றுப் பாதை. அதில் புல், மணல், சேறு, படிக்கட்டு, நாற்பது சென்டிமீட்டர் உயரத் தடுப்புப் பலகைகள். தடுப்பு வந்ததும் வீரர் குதித்து இறங்குவார். வண்டியைத் தோளில் தூக்கி ஓடுவார். மறுபடியும் பாய்ந்து ஏறுவார். அதற்கென்றே உருவான வண்டிதான் சைக்கிளோகிராஸ் மிதிவண்டி.

பார்வைக்கு அது வளைந்த கைப்பிடி கொண்ட சாலைப் பந்தய வண்டியைப் போலவே இருக்கும். வேறுபாடு உள்ளே இருக்கிறது. சக்கரத்திற்கும் சட்டகத்திற்கும் நடுவே இடைவெளி அதிகம். சேறு ஒட்டினாலும் சக்கரம் சுழலும். டயர் தடிமன். அனைத்துலகப் போட்டிகளில் 33 மில்லிமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை. ஆனால் பல சட்டகங்களில் 35, 38 வரை பொருந்தும். சாலை வண்டியில் பொதுவாக 25 அல்லது 28தான். மலை மிதிவண்டியோ இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட டயரும் முன்பக்க அதிர்வு தாங்கியும் கொண்டது. காட்டில் ராஜா, நெடுஞ்சாலையில் எருமை.

இப்போது கடைகளில் அதிகம் கிடைப்பது 'கிரேவல்' எனப்படும் சரளைப் பாதை வண்டி. இது சைக்கிளோகிராஸின் தம்பி எனலாம். சக்கரங்களுக்கு இடையே நீளம் சற்று அதிகம், 40 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட டயரும் ஏற்கும், கேரியர் பூட்டத் துளைகள் உண்டு. உங்களிடம் பணம் இருந்தால் அதையே வாங்குங்கள். நான் சைக்கிளோகிராஸ் பக்கம் போனதற்குக் காரணம் எளிது: கிரேவல் மோகத்தில் பலர் தங்கள் பழைய சைக்கிளோகிராஸ் வண்டியை விற்றார்கள், விலை இறங்கியது. பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவருக்கு இதைவிட நல்ல காரணம் தேவையா?

ஒரு சின்னக் குறிப்பு. 'சட்டகம்' என்றால் கடையில் யாருக்கும் புரியாது. 'பிரேம்' என்றால்தான் புரியும். சங்கிலிக்கு மலாயில் 'ரந்தாய்'. டயருக்கு 'தாயார்'. ஒருநாள் நான் தொலைபேசியில் மலாய்த் தோழியிடம் தாயாருக்குக் காற்று போதவில்லை என்று சொல்ல, அடுப்படியில் இருந்த அம்மா பதறி ஓடிவந்தார். ஆகவே இக்கட்டுரையில் தமிழும் கடைமொழியும் கலந்தே வரும். தமிழ்ப்பள்ளியில் எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் பொறுத்தருள்க.

தாத்தாவின் கறுப்புச் சைக்கிள்

அம்மா முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. "பொம்பளப் பிள்ளைக்கு ஹைவேயில என்ன சைக்கிள் வேண்டிக் கிடக்கு?" என்றார். அவர் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில், மாற்றியமைத்த மிதிவண்டிகளில் விடியற்காலையில் சாலைக்கு வந்த எட்டுப் பிள்ளைகள் காரில் மோதுண்டு இறந்த செய்தி எந்தத் தாய்க்குத்தான் மறக்கும்?

எனக்காகப் பேசியவர் தாத்தா, அம்மாவின் அப்பா. "நான் இந்த மண்ணுலதானே சைக்கிள் ஓட்டுனேன். நீ பின்னால கேரியர்ல உக்காந்து வந்தவதானே!" என்றார் அம்மாவிடம். சுபாங் ஜெயா வானத்திலிருந்து விழுந்த ஊர் அல்ல. சீபீல்ட் தோட்டத்தின் நிலத்தில் 1970களில் எழத் தொடங்கிய ஊர். தாத்தா அந்தத் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். பெரட்டுக்குப் போவதும், பால் வாளியைக் கட்டிக்கொண்டு நிரையிலிருந்து திரும்புவதும், மாலையில் கடைக்குப் போவதும் ஒரே கறுப்புச் சைக்கிளில்தான். செம்மண் பாதையிலும் ஓடும், சடக்கிலும் ஓடும். 'எல்லாப் பாதைக்கும் ஒரே வண்டி' என்று இன்று விளம்பரம் செய்கிறார்களே, அதைக் கேட்டால் தாத்தாவுக்குச் சிரிப்பு வரும். அவருடைய வண்டிக்குக் கியர் இல்லை. தடித்த டயரும் கனத்த இரும்புச் சட்டகமும் இருந்தன. மேட்டில் இறங்கித் தள்ளுவார், அவ்வளவுதான்.

இறுதியில் அம்மா மூன்று நிபந்தனைகளோடு இசைந்தார். விளக்கு இல்லாமல் போகக்கூடாது, மழையில் போகக்கூடாது, போய்ச் சேர்ந்ததும் தகவல் அனுப்ப வேண்டும். மூன்றாவதை மறந்த ஒருநாள் விரிவுரைக்கு நடுவே பதினோரு அழைப்புகள் வந்தன.

முதலில் அளவு, பிறகுதான் மற்றவை

நான் செய்த தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் முறை ஒரு கடையில் பழைய சாலை வண்டி ஒன்றை 1,200 வெள்ளிக்கு வாங்கினேன். சட்டக அளவு 54. என் உயரம் 158 சென்டிமீட்டர். "சீட்டைக் கீழே இறக்கினால் சரியாகிவிடும்" என்று கடைக்காரர் சொன்னார்; நானும் நம்பினேன். சீட்டை இறக்கினால் உயரம் குறையுமே தவிர, சீட்டுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம் குறையாது. இரண்டு வாரத்தில் கழுத்து பிடித்துக்கொண்டது, உள்ளங்கை மரத்துப்போனது. நான்கு மாதம் கழித்து 400 வெள்ளிக்குத்தான் விற்க முடிந்தது.

ஆகவே கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஓர் அளவு எடுங்கள். காலணி இல்லாமல் சுவரில் முதுகு பட நின்று, தடித்த புத்தகம் ஒன்றைக் கால்களுக்கிடையே, சீட்டில் அமரும்போது அழுந்துவதுபோல் நன்றாக மேலே அழுத்திப் பிடியுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை அளந்தால் அதுதான் உங்கள் உட்கால் நீளம். எனக்கு 73 சென்டிமீட்டர். இதை 0.883ஆல் பெருக்கினால் மிதிகள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பகுதி வரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய கிடைக்கும். எனக்கு 64.5. கணக்குப் பிடிக்காதவர்கள் இன்னொரு வழியைப் பின்பற்றலாம்: சீட்டில் அமர்ந்து குதிகாலை மிதியில் வையுங்கள். மிதி அடியில் இருக்கும்போது முழங்கால் நேராக நீண்டால் உயரம் சரி. முன்பாதத்தை வைத்து மிதிக்கும்போது முழங்கால் தானாகச் சிறிது மடங்கும். இடுப்பு இரு பக்கமும் ஆடினால் சீட்டு உயரம் அதிகம் என்று பொருள்.

அடுத்து, வண்டிக்கு இருபுறமும் கால் ஊன்றி நின்று பாருங்கள். மேற்குழாய்க்கும் உடலுக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். செம்மண் பாதையில் திடீரென்று இறங்கும்போது இந்த இடைவெளியின் அருமை புரியும். பிறகு எட்டும் தூரம். கைகளைப் பிரேக் லிவர் மேல் வைத்தால் முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். தூரம் சிறிதே அதிகமென்றால் கைப்பிடியைச் சட்டகத்தோடு இணைக்கும் ஸ்டெம்மை மாற்றலாம்; நான் நூறு மில்லிமீட்டரை எண்பதாக மாற்றினேன், அறுபது வெள்ளி செலவு. இரண்டு அளவு பெரிய வண்டியை எந்த ஸ்டெம்மும் காப்பாற்றாது.

உயரம் குறைந்தவர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, இன்னொரு சோதனை உண்டு. அதைக் கடையில் யாரும் சொல்லித் தருவதில்லை. சிறிய சட்டகத்தில் முன்சக்கரம் மிதிக்கு மிக அருகில் இருக்கும். மெதுவாகச் செல்லும்போது கைப்பிடியைத் திருப்பினால் காலணியின் நுனி டயரில் உரசும். வேகமாகச் செல்லும்போது இது நிகழாது, ஏனென்றால் அப்போது நாம் கைப்பிடியை அந்த அளவுக்குத் திருப்புவதில்லை. ஆனால் காட்டுப் பாதை வளைவிலும் கார் நிறுத்துமிடத்திலும் விழ வைத்துவிடும். மிதியை முன்னோக்கி வைத்து, சக்கரத்தைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள். மட்கார்டு பூட்டினால் இடைவெளி இன்னும் குறையும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய வண்டியை ஆராய்தல்

இரண்டாம் முறை நான் வாங்கியது 49 அளவுள்ள அலுமினிய சைக்கிளோகிராஸ். 1,900 வெள்ளி. டயர், ஸ்டெம், பிரேக் கட்டை, கேரியர் எல்லாம் சேர்த்து மேலும் 460. இம்முறை ஒரு பட்டியல் எழுதிக்கொண்டு போனேன்.

சட்டகத்தைத் துணியால் துடைத்து, குழாய்கள் இணையும் இடங்களில் விரிசல் உண்டா என்று பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பெயின்டில் முடிபோன்ற கோடு தெரிந்தால் வேண்டாம் என்று திரும்பிவிடுங்கள். சீட்டுத் தண்டைத் தளர்த்தி அசைத்துப் பாருங்கள். நம் நாட்டு மழையிலும் வியர்வையிலும் அது சட்டகத்துக்குள் பிடித்துக்கொள்வதுண்டு. அசையாத தண்டு என்றால் உங்களால் உயரத்தை மாற்றவே முடியாது. சங்கிலிக்கு ஓர் அடிக்கோல் போதும். புதிய சங்கிலியில் இருபத்து நான்கு கண்ணிகள் சரியாகப் பன்னிரண்டு அங்குலம் இருக்கும். ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் சங்கிலியை மாற்ற வேண்டும். எட்டில் ஒரு பங்கு நீண்டிருந்தால் பின்பல்சக்கரங்களும் தேய்ந்திருக்கும்; அதற்கான பணத்தை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். நான் அப்படித்தான் 150 வெள்ளி குறைத்தேன்.

பிரேக் விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 2010இல் அனைத்துலகச் சங்கம் சைக்கிளோகிராஸ் போட்டிகளில் டிஸ்க் பிரேக்கை அனுமதித்தது. அதற்கு முந்திய வண்டிகளில் ரிம்மைப் பிடிக்கும் கேன்டிலீவர் பிரேக்தான் இருக்கும். அது சேற்றை நன்றாக வழியவிடும். ஆனால் மழையில் ரிம் நனைந்தால், லிவரை அழுத்திய பிறகும் ஈரம் துடைக்கப்படும் வரை வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். செம்மண்ணோ ரிம்மை உப்புத்தாள்போல் அரைத்துவிடும். நம் தட்பவெப்பத்திற்கு டிஸ்க்தான் பொருத்தம். அதிலும் எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் வகை சிறப்பானது. கம்பியில் இயங்கும் வகை நாமே பழுதுபார்க்கக்கூடியது. மாணவருக்குக் கம்பி வகை போதும் என்பது என் கருத்து. கட்டை உரசினால் பிரேக்கைப் பிடித்திருக்கும் இரண்டு மரையாணிகளைச் சற்றுத் தளர்த்தி, லிவரை அழுத்திப் பிடித்தபடியே மீண்டும் முடுக்குங்கள். பத்தில் எட்டுமுறை சரியாகிவிடும்.

கியர் பற்றி நீட்டி எழுத விருப்பமில்லை. தோழர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் வாதிடுகிறார்கள், பயணத்தில் இதற்குத்தான் குறைந்த பங்கு. முன்னால் இருப்பதில் மிகச் சிறிய பல்சக்கரமும் பின்னால் இருப்பதில் மிகப் பெரிய பல்சக்கரமும் ஏறக்குறைய சமமான பற்களைக் கொண்டிருந்தால் நம் மேடுகளை ஏறலாம். போட்டி வண்டிகளில் முன்னால் 46, 36 என்று இருக்கும். என் வண்டியிலும் அப்படித்தான். பின்னால் 32 பற்கள். செங்குத்தான மேடு வந்தால் இறங்கித் தள்ளுகிறேன். தாத்தாவின் வழி.

காற்று

எந்தப் பாகத்தையும்விட டயர்தான் பயணத்தை மாற்றுகிறது. 1941 டிசம்பரில் படையெடுத்து வந்த ஜப்பானியப் படை தீபகற்பத்தின் பெரும்பகுதியை மிதிவண்டியில்தான் கடந்தது. வெயிலில் டயர்கள் வெடித்துப்போக, வீரர்கள் வெறும் ரிம்மிலேயே ஓட்டிச் சென்றார்களாம். இரவில் அந்த ஓசை கவச வண்டிகளின் ஓசைபோல் கேட்டதாகச் சொல்வார்கள். நமக்கு அவ்வளவு அவசரமில்லை. எனவே நல்ல டயர் வாங்குவோம்.

நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு முண்டுகளோடும் உள்ள 35 மில்லிமீட்டர் டயர் இரண்டு வேலைக்கும் ஏற்றது. தாரில் நடுப்பகுதி சத்தமின்றி ஓடும். மண்ணில் வளையும்போது ஓர முண்டுகள் பிடிக்கும். வடிகால் மூடியின் இடுக்கில் சாலை வண்டியின் ஒல்லி டயர் சிக்கும், இது சிக்காது. காற்றின் அளவு உங்கள் எடையைப் பொறுத்தது. நான் 54 கிலோ. தார்ச்சாலைக்கு முன்னால் 45, பின்னால் 50 பி.எஸ்.ஐ.; செம்மண்ணுக்கு 30, 34. இதைவிடக் குறைத்தால் வேரிலோ கல்லிலோ மோதும்போது டியூப் ரிம்முக்கிடையே நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் இரண்டு ஓட்டை விழும். எடை கூடியவர்கள் காற்றையும் கூட்டுங்கள். டயர் பக்கத்தில் அச்சிட்டுள்ள உச்ச அளவு வரை அடித்துக்கொண்டு "வண்டி குலுக்குகிறது" என்று குறைப்படுபவர்களே அதிகம்.

பெட்ரோல் நிலையத்துக் காற்றுக் குழாய் இவ்வகை வண்டிகளின் மெல்லிய பிரஸ்டா வால்வுக்குப் பொருந்தாது. சில வெள்ளிக்குப் பித்தளை இணைப்பு ஒன்று கிடைக்கும், சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். டியூப் இல்லாத டயர் பற்றியும் கேட்பார்கள். நல்லதுதான். ஆனால் உள்ளே ஊற்றும் அடைப்புத் திரவம் நம் வெப்பத்தில் விரைவில் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை நிரப்ப வேண்டும். நான் டியூபோடு நின்றுகொண்டேன். பையில் ஒரு மாற்று டியூப், இரண்டு நெம்பு கட்டைகள், கையடக்கப் பம்பு, ஆறுகோணச் சாவிகள் எப்போதும் இருக்கும்.

நெடுஞ்சாலையில்

கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் பாதை 1970களில் அமைக்கப்பட்டது. உலகிலேயே இவ்வகையில் முதன்மையானவற்றுள் ஒன்று எனப் பேசப்படுவது. மிதிவண்டிக்காரர்களும் அதில் போகிறார்கள். கார்களிடமிருந்து நம்மைப் பிரிப்பதே அதன் பெரிய நன்மை. ஆனால் அது பூங்கா அல்ல. பாதை குறுகலானது. பாலங்களுக்கு அடியில் சில இடங்களில் சுரங்கம்போல் நுழைந்து வளையும். வெயிலிலிருந்து உள்ளே போனதும் கண் இருண்டுவிடும், தரையில் நீர் தேங்கியிருக்கும். ஆகவே பகலிலும் முன்னால் வெள்ளை விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு. மழை வந்தால் மோட்டார் சைக்கிள்காரர்கள் பாலத்தடியில் ஒதுங்கி நிற்பார்கள், வேகத்தோடு நுழையாதீர்கள். காதில் பாட்டுக் கருவி வேண்டவே வேண்டாம். பின்னால் வரும் மோட்டாரின் ஓசைதான் நம் கண்ணாடி. லாரி டயர் வெடித்துச் சிதறிய மெல்லிய எஃகுக் கம்பிகள் ஓரங்களில் கிடக்கும். என் பஞ்சர்களில் பாதி அவற்றால்தான். வீடு திரும்பியதும் டயரைக் கையால் தடவாமல் துணியால் தடவிப் பாருங்கள். கம்பி இருந்தால் துணி மாட்டும். கட்டண விரைவுச்சாலைகளில் மிதிவண்டிக்கு அனுமதியில்லை. நுழைவாயில் பலகையைப் பாருங்கள்.

கோலாலம்பூருக்குள் நிலைமை மெல்ல மாறியது. 2015இல் மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா பக்கம் செல்லும் தனி மிதிவண்டிப் பாதை திறக்கப்பட்டது. 2018இல் நகர மையத்தில் நீல நிறத் தடங்கள் பூசப்பட்டன. அவற்றில் கார்களும் நின்றன.

பையை முதுகில் மாட்டினால் வந்து சேரும்போது சட்டையைப் பிழியலாம். கேரியர் பூட்டுங்கள். பந்தயத்துக்கென்றே செய்த சட்டகங்களில் அதற்கான துளைகள் இருக்காது. வாங்கும்போதே பின் அச்சருகே பாருங்கள். என் வண்டியில் துளை உண்டு, ஆனால் டிஸ்க் பிரேக் இடித்தது. இரண்டு நீண்ட மரையாணியும் சில வளையங்களும் வைத்து விலக்கிப் பூட்டினேன். படியில் தூக்கும் முன் பையைக் கழற்றி மறுதோளில் மாட்டிக்கொள்கிறேன். மேற்குழாய்க்கு அடியில் தோள் நுழையும்படி தண்ணீர்ப் புட்டியின் தாங்கியையும் ஒன்றாகக் குறைத்துக்கொண்டேன்.

புக்கிட் கியாராவில்

வார இறுதியில் கேரியரைக் கழற்றிவிட்டு, காற்றைக் குறைத்துக்கொண்டு புக்கிட் கியாராவுக்குப் போவேன். நம் வளாகத்திலிருந்து சில கிலோமீட்டர்தான். தன்னார்வலர்கள் வெட்டிப் பராமரித்த மலை மிதிவண்டிப் பாதைகளுக்குப் பேர்போன குன்று. முதல்முறை போனபோது எனக்கு வியப்பு: காட்டுக்குள் பழைய பால்மரங்கள் நிற்கின்றன. அந்தக் குன்று ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டம். அதில் உழைத்த குடும்பங்கள் 1982இல் அருகிலுள்ள நீளவீடுகளுக்கு மாற்றப்பட்டன. நிரந்தர வீட்டுக்கு அவர்கள் காத்திருந்தது நாற்பது ஆண்டுகளுக்கும் மேல். பக்கத்திலுள்ள ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடி கட்டத் தந்த அனுமதி செல்லாது என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் 2023 ஏப்ரலில் உறுதிசெய்தது. பூங்கா பிழைத்தது எனக்கு மகிழ்ச்சி. அந்தத் திட்டத்துக்குள்தான் நீளவீட்டு மக்களுக்கான வீடுகளும் அடங்கியிருந்தன என்பதை அறிந்த பிறகு, அந்தப் பாதையில் ஓட்டும்போது மகிழ்ச்சி மட்டும் இருப்பதில்லை.

சைக்கிளோகிராஸ் வண்டிக்கு அதிர்வு தாங்கி இல்லை. முழங்கையும் முழங்காலும்தான் தாங்கி. இறக்கத்தில் கைகளை லிவரின் மேற்பகுதியில் வைக்காமல் வளைந்த கைப்பிடியின் கீழ்ப்பகுதிக்கு மாற்றுங்கள். அங்கிருந்து ஒரே விரலால் பிரேக் பிடிக்கலாம், கையும் நழுவாது. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். வேர்களைச் சாய்வாகக் கடக்காமல் நேராகக் கடங்கள். மலை வண்டிக்காரர்கள் குதிக்கும் இடத்தில் நீங்கள் இறங்கித் தூக்குங்கள். வெட்கப்பட வேண்டாம், இந்த வண்டி பிறந்ததே அதற்குத்தான். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள். ஈரக் களிமண் டயர் முண்டுகளை அடைத்து வழுக்கும். நம் சக்கரம் கிழித்த பள்ளத்தில் அடுத்த மழைநீர் ஓடிப் பாதையையே அரித்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் கார் கழுவும் கடையின் அழுத்த நீரைப் பாய்ச்சாதீர்கள். சக்கர அச்சிலும் மிதி அச்சிலும் உள்ள கிரீஸுக்குள் நீர் புகுந்துவிடும். ஒரு வாளி நீர், பழைய பல்துலக்கி, துணி போதும். சங்கிலியை உலரத் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிந்ததையும் துடைத்துவிடுங்கள். வெளியே தெரியும் எண்ணெய் மண்ணைச் சேர்க்க மட்டுமே உதவும். புதிதாகப் பொருத்திய ஸ்டெம், கேரியர், சீட்டு ஆகியவற்றின் மரையாணிகளை ஒரு வாரம் கழித்து மீண்டும் முடுக்கிப் பாருங்கள். என் கேரியரின் ஓர் ஆணி ஒன்பதாம் நாள் பெட்டாலிங் ஜெயாவில் எங்கோ விழுந்துவிட்டது; மடிக்கணினியைத் தலைத்துணியால் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வாங்க எண்ணுபவர்கள் முதலில் என் வண்டியில் ஏறிப் பார்க்கலாம். உயரம் 155 முதல் 163 வரை இருந்தால் பொருந்தும். அளவு நாடா என் பையில்தான் இருக்கிறது. தடித்த புத்தகம் மட்டும் நீங்கள் கொண்டு வாருங்கள். சென்ற முறை என் இலக்கண நூலைக் கொடுத்தேன். செம்மண்ணோடு திரும்பி வந்தது.